சத்துமாவு பாக்கெட் வீடு வரைக்கும் போகுது, பிள்ளை வாய் வரைக்கும் போகுதா? தாய்-சேய் ஊட்டச்சத்து திட்டம் நடத்துறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி பக்கம் ஒரு ஒன்றியத்துல நாலு வருஷம் இந்த வேலை பாத்தேன். சின்ன தொண்டு நிறுவனம், பத்து பன்னெண்டு ஊரு, அங்கன்வாடி டீச்சருங்க கூடவும் நர்ஸம்மா கூடவும் சேந்து கர்ப்பிணிங்க, பாலூட்டுற அம்மாங்க, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க, இவங்களுக்கான வேலை. இப்ப புதுசா இந்தப் பொறுப்புக்கு வர்ற பசங்க பொண்ணுங்கல்லாம் எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க. அதை விட எங்கெல்லாம் கோட்டை விடுவீங்கன்னு சொல்றது எனக்கு ஈஸி, ஏன்னா கீழ சொல்ற தப்பு முக்காவாசி நானே பண்ணது.

முதல்ல பாக்கெட் கணக்கு. மாசக் கடைசில ரிப்போர்ட் போடுவோம்ல, இத்தனை பேருக்கு அங்கன்வாடி சத்துமாவு பாக்கெட் குடுத்தாச்சு, இத்தனை பேர் கையெழுத்து போட்டாச்சு, சதவீதம் நூத்துக்கு பக்கத்துல நிக்கும், மீட்டிங்ல கை தட்டுவாங்க. நானும் சந்தோஷமாதான் இருந்தேன், ஒரு நாள் மத்தியானம் வேற வேலையா ஒரு வீட்டுக்குப் போற வரைக்கும். பதினோரு மாசக் கைக்குழந்தை, எடை ஏறவே இல்ல, ஆனா பாக்கெட் மாசா மாசம் வாங்கியிருக்காங்க. அடுப்படில பாத்தா பாட்டி அந்த மாவுல கொழுக்கட்டை புடிச்சு வீட்ல இருக்கிற ஆறு பேருக்கும் குடுத்துட்டு, வண்டு வச்ச மிச்ச மாவை மாட்டுக்கு கழனித்தண்ணில கலந்து வச்சிருந்தாங்க. பாப்பாவுக்கு என்ன பாட்டி குடுத்தீங்கன்னு கேட்டா, "அதுக்குத்தான் பல்லே இல்லையேம்மா, ரெண்டு ஸ்பூன் மாவ தண்ணியா கரைச்சு டம்ளர்ல குடுத்தேன்"ங்குறாங்க. கோவப்பட அதுல ஒண்ணும் இல்லைங்க. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு சாப்பாட்டு சாமான் வந்தா ஆறு பேரும்தான் சாப்பிடுவாங்க, அது யாருக்கு, எப்படி, எவ்வளவுன்னு நாங்க யாரும் அந்தப் பாட்டிகிட்ட உக்காந்து பேசவே இல்ல. கையெழுத்து போட்டது மருமக, சமைக்கிறது பாட்டி.

அதனால "சத்துமாவு குடுக்குறீங்களா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க பாவம். "நேத்து காலைல பாப்பா எந்திரிச்சதுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் என்னென்ன வாயில போச்சு"ன்னு கேளுங்க. அப்பதான் காலைல டீல நனைச்ச பிஸ்கட், பத்து மணிக்கு ரசம் சாதத்துல நாலு வாய், சாயந்திரம் அஞ்சு ரூபா பாக்கெட் முறுக்குன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும்.

அந்தத் தண்ணிக் கஞ்சி விஷயம் இருக்கே, அதை நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம், இது எல்லாருக்கும் மனப்பாடம், ஊர்ல பிள்ளைங்க கூட சொல்லும். ஆறு மாசத்துக்கு அப்புறம் என்னங்கறதுல தான் எல்லாம் வழுக்குது. சில வீட்ல மூணாவது மாசமே மாட்டுப்பால், சில வீட்ல கோயில்ல சோறு ஊட்டினாதான் ஆச்சுன்னு ஒம்பதாவது மாசம் வரைக்கும் இழுப்பாங்க. ஆரம்பிச்சாலும் தண்ணியா குடுப்பாங்க. பிள்ளை வயிறு அதோட கை அளவுதான், அதுல முக்காவாசி தண்ணிய ரொப்பிட்டா சத்து எங்க போய் உக்காரும். நாங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு, கரண்டிய சாய்ச்சா கஞ்சி ஓடக்கூடாது, கரண்டில நிக்கணும், மேல ஒரு ஸ்பூன் எண்ணெய் இல்ல நெய். 6ல இருந்து 8 மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, அதுக்கப்புறம் மூணு நாலு வேளை, ரெண்டு வயசு வரைக்கும் தாய்ப்பாலும் கூடவே. கால் லிட்டர் புடிக்கிற கிண்ணத்துல அரைக் கிண்ணம் சின்னதுக்கு, ஒரு வயசு தாண்டினா முக்கால் கிண்ணத்துல இருந்து முழுக் கிண்ணம். பாப்பாவுக்குன்னு தனிக் கிண்ணம் வைக்கச் சொல்லுங்க, எவ்வளவு உள்ள போச்சுன்னு அப்பதான் தெரியும், தட்டுல அண்ணன் கூட சேந்து சாப்பிட்டா அண்ணன்தான் சாப்பிடுவான்.

அடுத்தது எடை, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன். 1980ல உலக வங்கி கடனுதவியோட தமிழ்நாட்டுல ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உலகம் பூரா அதைப் பத்தி பேசினாங்க. 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும் இருக்கிற பிள்ளைங்கள மாசா மாசம் எடை பாக்குறது, எவனுக்கு எடை சரியா ஏறலையோ அவனுக்கு மட்டும் 90 நாள் தனியா சத்துணவு, தேறிட்டா நிறுத்திடுறது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிச்சுக் குடுக்காம சரியுற பிள்ளைய சரியும்போதே புடிக்கிறதுங்கறதுதான் அதுல இருந்த சூட்சுமம். இப்ப நாம என்ன பண்றோம், எடை அட்டைல கலர மட்டும் பாக்குறோம், பச்சைன்னா வயசுக்கேத்த எடை, மஞ்சள்னா எடை கம்மி. அட்டைல பச்சைல இருக்கா, ஓகே, அடுத்த பிள்ளை. மூணு மாசமா அதே எடைல நிக்குற பிள்ளை பச்சைல இருந்தாலும் அது விழுந்துட்டு இருக்குன்னுதான் அர்த்தம். மஞ்சளுக்கு வந்த பிறகு ஓடுறத விட அப்பவே அந்த வீட்டுக்குப் போயிருந்தா பாதி வேலைதான்.

அட்டைல எடைக் கோடு ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்னா எடை உண்மையா இருக்கணுமே. ஒரு ஊர்ல ரிஜிஸ்டர் புரட்டிட்டு இருந்தேன், எல்லாப் பிள்ளையும் மாசா மாசம் கரெக்டா 200 கிராம் ஏறியிருக்கு, ஒண்ணு கூட தப்பல. ஆஹா என்ன ஊருடா இதுன்னு தராசைக் கேட்டா டீச்சரம்மா முகம் மாறிப் போச்சு. தராசு உடைஞ்சு மூணு மாசமாச்சாம். ஏம்மா சொல்லலைன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் எனக்கு இன்னும் உறுத்துது: "போன தடவை மஞ்சள்ல ஏழு பிள்ளைங்க இருக்குன்னு சொன்னதுக்கு மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்களே மேடம்." கேட்டது நான்தான். உண்மைய சொன்னவங்களுக்கு திட்டு விழுந்துச்சுன்னா அடுத்த மாசத்துல இருந்து உங்களுக்கு பச்சை ரிஜிஸ்டர்தான் வரும், பிள்ளைங்க அப்படியேதான் இருக்கும். அதுக்கப்புறம் மீட்டிங்ல மொத ஆளா மஞ்சள் பிள்ளைய கண்டுபிடிச்சு சொல்ற டீச்சரத்தான் பாராட்டுறதுன்னு மாத்திக்கிட்டோம். முதல் ரெண்டு மாசம் எங்க நம்பர் பயங்கரமா ஏறுச்சு, மேல இருந்து என்ன ஆச்சுன்னு போன் வேற, ஆனா அதுதான் நிஜ நம்பர்.

தராசு சரியா இருக்கான்னு பாக்க பெரிய கருவியெல்லாம் வேண்டாம். அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி ரொப்பி தொங்க விடுங்க, அஞ்சு கிலோவும் கேனோட எடையும் காட்டணும், காட்டலைன்னா அன்னைக்கு எடை போடாதீங்க. ஸ்வெட்டர், கொலுசு, தாயத்து கட்டுன தடிச்ச அரைஞாண் எல்லாம் கழட்டிட்டு போடுங்க, கழட்ட மாட்டேன்னு பாட்டி சண்டை போட்டா எல்லா மாசமும் அதோடவே போடுங்க, ஒரு மாசம் இருந்து ஒரு மாசம் இல்லைன்னாதான் கணக்கு கெடும். ரெண்டு வயசுக்குள்ள படுக்க வச்சு நீளம், அதுக்கு மேல நிக்க வச்சு உயரம், இதை மாத்தி எடுத்தா 0.7 செமீ போல வித்தியாசம் வரும். வயசையும் "ஆடில பொறந்தான்"னு சொன்னத வச்சு எழுதாதீங்க, தாய்-சேய் அட்டைல தேதி இருக்கும்.

அப்புறம் கை சுற்றளவு டேப். 6 மாசம் முதல் 59 மாசம் வரைக்கும் இருக்கிற பிள்ளைக்கு இடது மேல் கை சுத்தளவு 11.5 செமீக்கு கீழ இருந்தா அது கடுமையான குறைபாடு, மாவு குடுத்து பாத்துட்டு அடுத்த மாசம் வர்றேன்னு சொல்ற விஷயமே இல்ல, டாக்டர் பாக்கணும். ரெண்டு பாதமும் வீங்கி, அமுக்கினா குழி விழுதுன்னாலும் அப்படித்தான். வீக்கத்தைப் பாத்து பிள்ளை கொழுகொழுன்னு இருக்குன்னு நினைச்சு வீட்ல சந்தோஷமா இருப்பாங்க, எடையும் நல்லாவே காட்டும், அதான் ஆபத்து.

இரும்புச்சத்து மாத்திரையும் பாக்கெட் கதைதான். கர்ப்பிணிக்கு நாலாவது மாசத்துல இருந்து தினம் ஒண்ணு, 180 நாள், பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள். குடுத்தாச்சுன்னு டிக் அடிச்சிடுவோம். ஒரு வீட்ல டிவி பெட்டிக்குப் பின்னாடி பிரிக்காத அட்டை பதினாலு எண்ணினேன். ஏன்னு கேட்டா வாந்தி வருது, மலம் கருப்பா போகுது பயமா இருக்கு, மாத்திரை போட்டா குழந்தை கருப்பா பொறக்குமாம்னு நாத்தனார் சொன்னாங்க. இதுல முதல் ரெண்டும் நிஜம், மலம் கருப்பாகும், அது சாதாரணம்னு மாத்திரை குடுக்கும்போதே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பயந்திருக்காது. ராத்திரி சாப்பிட்டுட்டு படுக்கப் போறப்ப போட்டா குமட்டல் குறையும். டீ காபி கூட வேண்டாம், கால்சியம் மாத்திரையும் அதே நேரத்துல வேண்டாம், எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தா நல்லது. அடுத்த தடவை போறப்ப "போடுறீங்களா"ன்னு கேக்காம காலி அட்டைய வாங்கிப் பாருங்க. நம்ம மாநிலத்துல 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல கர்ப்பிணிகள்ல 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்கள்ல 57 சதவீதம். ஆக பிள்ளைங்களுக்கான இரும்புச்சத்து சிரப்பும் பீரோ மேல தூங்கக்கூடாது.

கூட்டம் எப்ப போடுறீங்கங்கறதும் இருக்கு. நாங்க புதன்கிழமை பதினோரு மணிக்கு போட்டோம், எங்களுக்கு வசதி, பஸ் இருக்கும். வந்தவங்க எப்பவும் அதே எட்டு பேர். மத்தவங்க நூறு நாள் வேலைல, இல்ல களை எடுக்க போயிருப்பாங்க, யாருக்கு ரொம்ப தேவையோ அவங்கதான் வரவே முடியாதவங்க. அப்புறம் சாயந்திரம் ஏழு மணிக்கு தெருமுனைல உக்காந்து பேச ஆரம்பிச்சதும் பாட்டிங்களும் வந்தாங்க, ரெண்டு மூணு வீட்டுக்கார ஆளுங்களும் பீடி புடிச்சுக்கிட்டே ஓரமா நின்னு கேட்டாங்க. முட்டை வாங்கிட்டு வர்றது அவங்கதானே, அவங்க காதுல விழாம என்ன பேசி என்ன. பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போற குடும்பங்களையும் பாத்துக்கோங்க, மூணு மாசம் ஆள் இல்லைன்னா பேரை ரிஜிஸ்டர்ல அடிச்சிடுறாங்க, திரும்பி வர்றப்ப அந்தப் பிள்ளைதான் ஊர்லயே ஒல்லியா இருக்கும், அதுக்குத்தான் பேரே இருக்காது.

பழக்கவழக்கத்தை மொத்தமா திட்டுறது இன்னொண்ணு. எங்க டீம்ல ஒரு தம்பி பத்தியம்னு சொன்னாலே மூடநம்பிக்கைன்னு ஆரம்பிச்சிடுவான். பத்தியக் குழம்புல பூண்டு இருக்கு, கருவாடு இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு, பால்சுறா கிடைக்கிற ஊர்ல அதுவும் இருக்கு, அதுல என்னடா தப்பு உனக்கு? தண்ணி குடிக்க விடாம வைக்கிறாங்களே, அதைப் பேசு. பொறந்த பிள்ளைக்கு சேனைன்னு சர்க்கரைத் தண்ணியும் தேனும், சில இடத்துல கழுதைப்பாலும் வைப்பாங்க, சீம்பாலை பீச்சி கீழ ஊத்துவாங்க, இதைப் பேசு. ஒரு வயசுக்குள்ள தேன் ஆகவே ஆகாது. வயித்துல பிள்ளை பெருசாயிட்டா பிரசவம் கஷ்டம்னு கடைசி மூணு மாசம் அரை வயிறு சாப்பிட வைக்கிறதும் நடக்குது. நல்லதை நல்லதுன்னு மொதல்ல ஒத்துக்கிட்டீங்கன்னா, கெட்டதைச் சொல்றப்ப அந்தப் பாட்டி காது குடுத்து கேப்பாங்க. பால் டப்பா விளம்பரத்துக்கும் இலவச சாம்பிளுக்கும் இடம் குடுக்கவே கூடாது, 1992லயே அதுக்கு சட்டம் இருக்கு, ஸ்பான்சர்னு யாராவது வந்தா கவனம்.

ரெசிப்பி டெமோல ஆப்பிள், பாதாம்னு வைக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு. ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் விளையிற ஊருங்க இது.

வயித்துப்போக்கு வந்தா பட்டினி போடுற பழக்கம் இன்னும் இருக்கு, ஓஆர்எஸ்ஸும் 14 நாள் ஜிங்க்கும் குடுக்கணும், சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தவே கூடாது, இதை மழைக்காலத்துக்கு முன்னாடியே வீடு வீடா சொல்லிடுங்க.

கடைசியா டீச்சருங்க தலைல ஏத்துற பாரம். அவங்களுக்கு ஏற்கனவே எடை, உயரமெல்லாம் போன்ல ஏத்துற போஷன் டிராக்கர்ங்குற அரசாங்க ஆப், ரிஜிஸ்டர், சமையல் கணக்கு, எலக்ஷன் வந்தா அந்த வேலை வேற. நாங்க புண்ணியவான்கள் போய் எங்க ப்ராஜெக்டுக்குன்னு நாலு பக்க ஃபார்ம் குடுத்தோம். ஒரு டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "உங்க ஃபார்மை ரொப்பி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க எல்லாம் தூங்கிடுதுங்க மேடம்". ஆபீஸ்ல சண்டை போட்டு, பணம் குடுக்குற டோனருக்கு மெயில் மேல மெயில் போட்டு, நாலு பக்கத்தை மூணு கேள்வியா குறைச்சோம். போன மாசத்தை விட எடை ஏறுச்சா, நேத்து பாப்பா என்ன சாப்பிட்டுச்சு, யார் ஊட்டினாங்க. மூணாவது கேள்விக்கு பாதி வீட்ல "அக்கா"ன்னு பதில் வந்துச்சு, அந்த அக்காவுக்கு ஏழு வயசு. அதுக்கப்புறம்தான் ஸ்கூல் விட்டு வர்ற பொண்ணுங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சு கரண்டி சாய்ச்சு காட்ட ஆரம்பிச்சோம்.