சர்க்கரைப் புண்ணுக்கு ஜெல் போடும்போது எங்கே தவறுகிறோம்?

தஞ்சாவூரோ மயிலாடுதுறையோ, மெடிக்கலில் போய் 'கால் புண் ஆற ஜெல்' என்று கேட்டால், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் டியூப்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. சாதாரண ஹைட்ரோஜெல் பெரும்பாலும் தண்ணீர்தான். காய்ந்துபோன புண்ணை ஈரமாக வைப்பது அதன் வேலை. வளர்ச்சிக் காரணி சேர்ந்த ஜெல் வேறு சங்கதி. அதில் இருப்பது ஒரு புரதம். 'புதுத் தசை வளரட்டும், ரத்தக் குழாய் முளைக்கட்டும்' என்று உடம்பு உள்ளிருந்து அனுப்பும் செய்தியை அது வெளியிலிருந்து கொடுக்கிறது. இந்த வகையில் பெகாப்ளெர்மின் என்ற ஜெல்லுக்கு 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

ஆறாத சர்க்கரைப் புண்ணில் புரதத்தை வெட்டித் தள்ளும் நொதிகள் அதிகம். தடவிய மருந்து வேலை செய்யும் முன்பே சிதைந்துவிடும். அதனால் வளர்ச்சிக் காரணியை ஹைட்ரோஜெல்லுக்குள் பொதித்து, நாள் கணக்கில் மெல்லக் கசியவிடும் டிரெஸ்ஸிங்குகளை ஆய்வகங்களில் உருவாக்கி வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் 'ஒரே வாரத்தில் ஆறும்' என்று வருவது பெரும்பாலும் எலியின் முதுகில் ஆறிய புண்ணைப் பற்றிய செய்தி. அதைக் கடைக்காரரிடம் காட்டிப் பயனில்லை.

சரி, மனிதர்களுக்கு எவ்வளவு பலன்? பெகாப்ளெர்மின் பரிசோதனை ஒன்றில் 20 வாரத்தில் முழுதாக ஆறியவர்கள் 50 சதவீதம். மருந்தில்லாத ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் அதிசயம் இல்லை. அந்த 35 சதவீதம் பேருக்கும் எதனால் ஆறியது என்று கேட்டுப் பாருங்கள். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்ததாலும், காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதாலும்தான். எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் இந்த ஜெல்லைப் போடுவதை சர்வதேச சர்க்கரைப் பாத வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

டெல்டாவில் அடிக்கடி கோட்டை விடுவது காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில்தான். சர்க்கரையால் நரம்பு கெட்டு மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. வலிக்கவில்லை என்பதால் நடக்கிறார்கள். நடவு நேரத்தில் கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார்கள். வரப்பில் ஏறும்போது பைக்குள் தண்ணீர் தளும்பும். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டதால் செருப்பில்லாமல் நடப்பவர்கள் உண்டு. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் சுற்றுபவர்களும் உண்டு, கல் சுட்டுக் கொப்புளம் போட்டதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். உள்ளங்காலில் புண் இருக்கும்போது ஒவ்வோர் அடியும் முளைக்கும் தசையை நசுக்குகிறது. எவ்வளவு விலையுள்ள ஜெல் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது. மாவுக்கட்டு போன்ற பாரம் தாங்கும் கட்டோ, அதற்கென்றே செய்த காலணியோ வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்டது) புண் வராமல் தடுக்க நல்லது. உள்ளங்காலில் ஆழமான புண் வந்த பிறகு அது மட்டும் போதாது.

அடுத்தது, செத்த சதையின் மேலேயே ஜெல்லைத் தடவுவது. அறுத்த பயிரின் தாளை மடக்கி உழாத வயலில் நாற்றை நட்டது மாதிரிதான். புண்ணைச் சுற்றித் தடித்த ஆணியும், மேலே மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒட்டியிருப்பதும் போக வேண்டும். அதை வீட்டில் பிளேடால் செய்யாதீர்கள். கறுத்த விரலாக இருந்தால் முதலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் போய்ச் சேராத காலில் வளர்ச்சிக் காரணியால் ஒன்றும் ஆகாது.

நீர் நிறையக் கசியும் புண்ணுக்கு ஹைட்ரோஜெல் ஒத்துவராது. சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போய், புண் இன்னும் பெரிதாகும். சீழும் நாற்றமும் இருந்தால் ஜெல்லைப் பற்றிய பேச்சே அப்புறம்தான். முதலில் தொற்றுக்கு வைத்தியம்.

போடும் விதத்திலும் சில கவனங்கள். வளர்ச்சிக் காரணி ஜெல் பொதுவாக 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. மே மாதத்தில் கும்பகோணத்தில் வாங்கிப் பையில் போட்டு, நாலு வேலையை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் புரதம் தாங்குமா? ஐஸ் பொட்டலத்தோடு, ஆனால் ஐஸ் நேராகப் படாமல் எடுத்துப் போங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். டியூப் முனை புண்ணைத் தொடக் கூடாது. சுத்தமான குச்சியால் மெல்லிய படலமாகப் பரப்பினால் போதும், அள்ளிப் பூசினால் காசுதான் கரையும். பெகாப்ளெர்மின் என்றால் நாளுக்கு ஒரு முறை, ஈரக் காஸ் துணியால் மூடிச் சுமார் 12 மணி நேரம். பிறகு சலைன் என்ற மருத்துவ உப்புநீரால் கழுவிவிட்டு வெறும் ஈரக் கட்டு. மற்றவற்றுக்கு அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டபடி. ஜெல்லுக்கு மேல் பெட்டாடின், மஞ்சள், வேறு ஆயின்மென்ட் என்று சேர்ப்பதும், நுரை வரும் ஹைட்ரஜன் பெராக்சைடால் தினம் கழுவுவதும் வேண்டாம். அந்த நுரை புதுச் செல்லையும் சேர்த்தே கொல்லும்.

வாரம் ஒரு நாள் புண்ணின் நீள அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், இன்னொரு டியூப் வாங்காமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவரிடமும் காலைக் காட்டுங்கள். நம்மவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

புண் ஆறிய பிறகு மிச்சமிருக்கும் டியூப்பைப் பக்கத்து வீட்டுக்கோ பங்காளி வீட்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள். நாள்பட்ட புண் சில நேரம் புற்றாகவும் இருக்கும். புற்று இருக்கும் இடத்தில் இந்த ஜெல்லைப் போடவே கூடாது.