ரீயூனியன் தீவில் ஒரு நாள் சுற்றுலா: மேகம் ஏறுவதற்குள் மலைக்குப் போய்ச் சேருவது எப்படி?

பா தெ பெல்கோம் என்ற இடம், 2,311 மீட்டர் உயரம். எரிமலைக்கு நேர் எதிரே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் நானும் நிற்கிறோம். எதிரே பிதோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை இருக்க வேண்டும். ஆனால் கம்பிக்கு அப்பால் பத்தடிகூடத் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் மேகம். மணி பதினொன்றரை. "மலை இதுக்குள்ளயா இருக்கு?" என்று அம்மா கேட்டார். "காலையில் நன்றாகத் தெரிந்தது" என்றார் வழிகாட்டி.

நான்கு நாள் கழித்து வேறொரு வண்டியில் மறுபடி போனோம். எட்டேகால் மணிக்கு அதே கம்பி அருகே நின்றோம். எரிமலை அடிமுதல் முடிவரை கண்முன்னே இருந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

விமானம், தங்குமிடம் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி, பணமும் யூரோதான். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. ஷெங்கன் விசா இருக்கிறது என்று நம்பிக் கிளம்பாமல், ரீயூனியனுக்கும் அது செல்லுமா என்று தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தப் பக்கம் என்று முடிவெடுங்கள்

தீவின் மொத்தப் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. தீவின் நடுவே 3,000 மீட்டரைத் தாண்டிய பிதோன் தே நேழ் மலை நிற்கிறது. அதைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று கிண்ணம் போன்ற மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டிப்பாதை கிடையாது. ஒவ்வொரு முறையும் கடற்கரைக்கு இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். மஃபாத்துக்குச் சாலையே இல்லை; நடந்து போகலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர்.

அதனால் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான் சரிப்படும். எரிமலையும் தென்கிழக்குக் கடற்கரையும் ஒரு நாள். சலாசி பள்ளத்தாக்கு, எல்-பூர் கிராமம், வனிலாத் தோட்டம் இன்னொரு நாள். சிலாவோஸ் மூன்றாவது. அங்கே போகும் சாலையில் நானூறுக்கு மேல் வளைவுகள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் எரிமலைப் பக்கத்தைத்தான் சொல்வேன். வெறும் கல்லும் சாம்பலுமாக இருக்கும் உச்சி, அதே நாள் மத்தியானம் தென்னை நிற்கும் கடற்கரை என்று இரண்டையும் அதில்தான் பார்க்க முடியும். மூன்று பக்கத்தையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

படி 2: கிளம்பும் நேரத்தைக் கேட்காதீர்கள், உச்சியைச் சேரும் நேரத்தைக் கேளுங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படியைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுற்றிலும் வெதுவெதுப்பான கடல், நடுவில் உயரமான மலை. காலை வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடாகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சரிவைப் பிடித்து மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. பொழுது விடியும்போது துடைத்து வைத்ததுபோல் இருக்கும் மலை, பெரும்பாலான நாட்களில் பத்து மணி வாக்கில் மூட ஆரம்பித்துவிடும். எரிமலைப் பகுதி உயரமாக இருப்பதால் சில நாட்களில் மேகத்துக்கு மேலேயே நிற்கும், அது அதிர்ஷ்டம். பள்ளத்தாக்குகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இரண்டாவது தடவை போனபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஒன்பதரை மணிக்குக் கீழே, சுவர்போல் நிற்கும் பாறைகளின் ஓரத்தில் பஞ்சுபோல ஒரு சின்னத் துணுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பினேன், அது பாறை விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் வண்டியில் ஏறும்போது எரிமலையின் பாதி உடம்பைக் காணவில்லை.

முதல் பயணத்தில் நாங்கள் வாங்கிய சுற்றுலாவின் விளம்பரத்தாளில் எல்லா இடமும் சரியாகத்தான் இருந்தது. காலை ஏழரைக்கு வண்டி வரும் என்றும் போட்டிருந்தது. ஏழரைக்கு வந்தது உண்மை. அதற்கப்புறம் இன்னும் மூன்று ஓட்டல்களில் ஆள் ஏற்றினார்கள், சேன் பியேர் ஊரில் சந்தையைக் காட்டினார்கள், மலையேறும் வழியில் பூர்-முரா கிராமத்தில் காபிக்கு நிறுத்தினார்கள். மேற்குக் கடற்கரை ஓட்டல்களிலிருந்து எரிமலைக்கு எங்கும் நிற்காமல் போனாலே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் கேட்பது முக்கியம். தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் பதில் வரும். நான் இப்போது அனுப்பும் கேள்விகள் இவை:

"பா தெ பெல்கோமில் எத்தனை மணிக்கு இருப்போம்? எங்கள் ஓட்டலுக்கு முன்னும் பின்னும் எத்தனை இடத்தில் ஆள் ஏற்றுவீர்கள்? மலை முதலா, கடற்கரை முதலா? மேலே மூடியிருந்தால் அன்றைய திட்டத்தை மாற்றுவீர்களா?"

ஒன்பது மணிக்குள் உச்சி என்று பதில் வந்தால் வாங்குங்கள். "வானிலையைப் பொறுத்து" என்று மட்டும் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று. எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகம் அங்கே கேமராக்கள் வைத்திருக்கிறது, அவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். தீவுக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு மூன்று நாள் காலையில் ஆறு, எட்டு, பத்து மணிப் படங்களைப் பாருங்கள். மேகம் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பிடிபட்டுவிடும். வானிலை அறிவிப்பைவிட எனக்கு இது அதிகம் உதவியது. முதல் நாளே சுற்றுலாவை வைத்துக்கொள்ளாமல் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் வைப்பதும் இதற்காகத்தான். மலை ஏமாற்றினால் மாற்றிப் போட ஒரு நாள் கையில் இருக்கும்.

படி 3: வண்டி, வழிகாட்டி

எட்டுப் பேர் உட்காரும் சின்ன வேன்தான் என் தேர்வு. விலை கூடத்தான் இருக்கும். ஆனால் ஐம்பது பேர் ஒரு பேருந்திலிருந்து இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறி உட்காருவதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால்மணி நேரம் போய்விடும். ஆறு நிறுத்தம் என்றால் ஒன்றரை மணி நேரம். மேகத்தோடு போட்டி போடும் நாளில் அதை விட்டுக்கொடுக்க முடியாது.

அங்கே பேசுவது பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான கிரெயோலும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பிரெஞ்சை முன்னரே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் வரும், போகும். வரைபடத்துக்கு எனக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலிதான் பிடிக்கும். இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும், நடைபாதைகளைக்கூடக் காட்டும். பிரான்ஸுக்கான ஈசிம் (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே பதியும் சிம்) வாங்குகிறவர்கள், பட்டியலில் ரீயூனியன் பெயர் தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: பையில் என்ன

கடற்கரையில் வியர்க்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 2,300 மீட்டரில் காலை எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். கனமான ஸ்வெட்டர் ஒன்றைவிட, ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் நல்லது. அங்கே குளிரைவிடக் காற்றுதான் வாட்டும். வெயிலும் சுடும், தொப்பி மறக்காதீர்கள். தண்ணீர், கொஞ்சம் சில்லறை யூரோ, மூடிய காலணி. அவ்வளவுதான்.

படி 5: அன்றைய நாள்

பூர்-முராவைத் தாண்டியதும் காட்டுவழிச் சாலை. முதலில் பசும் புல்வெளி, மாடுகள். அப்புறம் நே-தெ-பெஃப் என்ற முனையில் நிறுத்துவார்கள்; கீழே ரிவியேர் தே ரம்பார் பள்ளம் வாயைப் பிளந்து கிடக்கும். அதையடுத்து கொமெர்சோன் என்ற பழைய எரிமலை வாய். 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அது, உலக சாதனை. கொஞ்சம் தாண்டினால் ஒரு வளைவில் மரம் செடி எல்லாம் சட்டென்று நின்று போகும். பிளேன் தே சாபிள். செம்மண்ணும் கருமணலும் கலந்த வெட்டவெளி. இங்கே மேலிருந்து பார்க்கும் திருப்பத்தில் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள்.

பா தெ பெல்கோமில் பொதுவாக ஒரு மணி நேரம் தருவார்கள். பாறைச்சுவரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி எரிமலைத் தரைக்கே போகும் வழி ஒன்று உண்டு. சுற்றுலா நாளில் அதில் இறங்காதீர்கள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதற்குள் நேரம் போய்விடும். கீழே தெரியும் ஃபோர்மிகா லியோ என்ற செந்நிறக் குட்டி எரிமலை வாய் மேலிருந்துதான் அழகு. எரிமலை பொங்கும் நாட்களில் அந்த வழியை மூடிவிடுவார்கள்.

மதியச் சாப்பாடு தென்கரையில், சேன் ஜோசப், சேன் பிலிப் பக்கம். சாப்பாட்டோடு சேர்த்த சுற்றுலாவையே வாங்குங்கள். எங்கள் வழிகாட்டியின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து ஒரு இலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, "கலூபிலே" என்றார். அம்மா அதை எடுத்துக் கசக்கி மோந்துவிட்டு, "கறிவேப்பிலைடா!" என்றார். அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. முருங்கைக்கு அங்கே முரூங். சலாசியில் விளையும் சூசூ நம் சௌசௌதான்.

பிற்பகல் கிராண்ட் ப்ரூலே. 2007 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு பெருஞ்சாலையை மூடிக்கொண்டு கடலில் இறங்கிய இடம். இறங்கி, உறைந்த குழம்பைத் தொட்டுப் பாருங்கள். முறுக்கிய கயிறுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதன்மேல் கல்பாசிபோல சாம்பல் நிறப் படலம், இடுக்குகளில் பெரணிச் செடி. அங்கிருந்து வடக்கே போனால் பிதோன் சேன்ட் ரோஸில் ஒரு தேவாலயம். 1977 ஏப்ரலில் ஊருக்குள் வந்த குழம்பு அதன் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மீதி இரு பக்கமும் பிரிந்து போனது. கருங்கல்லாக உறைந்த அந்தக் குழம்பு இன்றும் தேவாலயச் சுவரை ஒட்டியே கிடக்கிறது.

ஆன்ஸ் தே காஸ்காத் அருவிக்கரையைக் கடைசியில் காட்டுவார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் கிழக்குக் கரையில் சீக்கிரமே நிழல் விழும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நான்கு மணிக்கு முன்னால் அங்கே இருக்கும்படி வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு வந்த கேள்விகளால் மூன்று விஷயங்களைச் சேர்க்கிறேன்.

பயணத்தில் வாந்தி வருமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வரும். முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள், வளைவில் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு, வண்டி ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

கப்பலில் வருகிறவர்கள் வடமேற்கில் லெ போர் துறைமுகத்தில் இறங்குவீர்கள். கப்பல் காலை எட்டு மணிக்குத்தான் நிற்கிறது என்றால் எரிமலையை விட்டுவிட்டு, எல்-பூரையும் வனிலாத் தோட்டத்தையும் பாருங்கள். வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை 1841இல் கண்டுபிடித்தது இந்தத் தீவில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். தோட்டத்தில் அதைச் செய்து காட்டுவார்கள். அந்தச் சின்னக் குச்சியால் பூவைத் திறக்கும் இரண்டு நொடிக்காகவே போகலாம்.

எந்த மாதம் என்று கேட்டவர்களுக்கு: மே முதல் நவம்பர் வரை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை புயல் காலம். சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் சுற்றுலா என்ன, சாலையில் நடமாடவே அனுமதி இல்லை. அப்புறம், எந்த மாதமானாலும் சுற்றுலா முடியும் இரவுக்கு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் தலைநகர் சேன் தெனி பக்கம் வண்டிகள் நகரவே நகராது.