ஆள் குறைந்த சபைக்குப் பொறுப்பேற்கும் போதகருக்கு

முதல் மூன்று மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஆள் குறைந்த சபையைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கும்: இளைஞர் கூடுகை, உபவாச ஜெபம், இணைய நேரலை. நானும் அப்படித்தான் ஓடினேன். வாரத்துக்கு 7 கூடுகைகள். ஏழுக்கும் வந்தவர்கள் அதே 11 பேர். எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு, பிரசங்கபீடத்தில் குரல் எழும்பாமல் நின்றேன்.

முதல் வேலை பழைய சபைப் பதிவேடு. மூத்த உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசியுங்கள். இறந்தவர், இடம் மாறியவர், வேறு சபைக்குப் போனவர், வராமல் நின்றுவிட்டவர் என்று பென்சிலால் குறியுங்கள். கடைசி வகையினரின் வீடுகளுக்கு மட்டும் போங்கள். "ஏன் வருவதில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள், அது விசாரணை. நலம் கேட்டு, அவர்கள் விரும்பினால் ஜெபித்து, எழுந்துவிடுங்கள். ஒரு மூதாட்டி மூன்றாவது சந்திப்பில்தான் என்னிடம் வாய் திறந்தார்: கணவர் போன பிறகு அந்த இருக்கையில் தனியாக உட்கார முடியவில்லையாம். அவர் வராததைப் பெருந்தொற்றுக் காலத்துச் சோம்பல் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

காணிக்கை எண்ணும் இடத்தில் நிற்காதீர்கள். உறவினரல்லாத இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும். கடன் பாக்கி உட்பட மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நாற்காலிகளைக் குறைத்து முன்னே இழுத்துப் போடுங்கள். அற்ப யோசனையாகத் தெரியும். 40 பேர் 200 இருக்கைகளில் சிதறி உட்கார்ந்தால் பாட்டே எழும்பாது.

அடுத்து உங்கள் உடம்பு. வேதாகமத்தில், மக்களின் வழக்குகளைக் காலைமுதல் மாலைவரை தனியாகத் தீர்த்த மோசேயிடம், இது சரியல்ல என்று மாமனார் எத்திரோ வந்து சொல்ல வேண்டியிருந்தது. யாத்திராகமம் 18ஐப் பிரசங்கிக்கிறோம், பின்பற்றுவதுதான் இல்லை. வாரத்தில் ஒரு நாள், துக்க வீடு தவிர எதற்கும் அழைப்பதில்லை என்று செயற்குழுத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். உங்கள்மேல் அதிகாரமில்லாத வேறொரு போதகரிடம் மனம் திறந்து பேசுங்கள். உறக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரிடம் போங்கள். அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல நிச்சயம் ஒருவர் வருவார். சூரைச்செடியின் கீழ் சாவு கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

பக்கத்துச் சபையோடு இணையும் பேச்சு எழுந்தால் சபையார் அனைவர் முன்னும் பேசுங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் யாரிடம் இருக்கும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். நாங்கள் கட்டடத்தைப் பற்றியே ஆறு மாதம் பேசினோம். பதிவேடுகள் நினைவுக்கு வந்தது கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த பிறகுதான்.