சவுக்குக் கிளையில் கிறிஸ்துமஸ் மரமா? இதைக் கவனியுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். பச்சையாக இருக்கும்வரை அழகு. காய்ந்துவிட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். சவுக்குச் சருகில் அடுப்பு மூட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

டிசம்பர் தொடக்கத்திலேயே வெட்டி வைக்காதீர்கள், 20ஆம் தேதிக்கு மேல் போதும். அடியில் ஒரு அங்குலம் புதிதாக அறுத்து, ஈர மணல் நிரப்பிய பக்கெட்டில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். ஊசி இலைகளை வளைத்துப் பாருங்கள். மொடமொடவென ஒடிந்து உதிர்ந்தால், புத்தாண்டு வரவில்லையே என்று பார்க்காமல் கிளையை வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சீரியல் லைட். நம் ஊர் உப்புக்காற்றில், பரணில் ஒரு வருடம் கிடந்த செட்டின் பிளக் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வயரும் வெடித்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், புதிதாக எல்.இ.டி. செட் வாங்குங்கள். அது அவ்வளவாகச் சூடாகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பக்கெட் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள்.

குடிலில் வைக்கோல் இருப்பதால் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை வைக்கோல் கருகியது, நல்லவேளை பக்கத்திலேயே ஆள் இருந்தார்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தீப்பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், அதற்கு முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயணைப்புக்கு 101.