பழைய மஸ்டாங்குக்கு எந்த ஸ்டீயரிங் பாக்ஸ்: 16:1-ஆ, 19:1-ஆ?

1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கைச் சீர்செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத கார். ஸ்டீயரிங்கின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரங்களுக்கு அனுப்பும் பல்பெட்டி, அதாவது ஸ்டீயரிங் பாக்ஸ், தேய்ந்துவிட்டது. புதிதாக வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பதே "16-ஆ, 19-ஆ?" என்றுதான். பாதிப் பேர் "வேகமானதையே கொடுங்க" என்று 16-ஐ வாங்கி வந்துவிட்டு, அப்புறம் பார்க்கிங்கில் தோள் வலிக்கிறது என்கிறார்கள். பாக்ஸை மட்டும் தனியாக வைத்து முடிவெடுக்க முடியாது. ஸ்டீயரிங் வீல், டயர், அலைன்மென்ட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 16:1 என்றால், ஸ்டீயரிங்கை 16 டிகிரி திருப்பினால் பாக்ஸின் அடியில் இருக்கும் பிட்மன் ஆர்ம் 1 டிகிரி திரும்பும். மஸ்டாங்கில் சாதாரணமாக வந்த மேனுவல் பாக்ஸ் 19.9:1. பேச்சில் அதைத்தான் 19 என்கிறார்கள். பிட்மன் ஆர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்புகளும் கொஞ்சம் கூட்டுவதால், சக்கரம் வரைக்குமான மொத்த விகிதம் 19 பாக்ஸில் சுமார் 27:1, 16-இல் சுமார் 22:1. அதாவது முன் சக்கரம் 10 டிகிரி திரும்ப, ஒன்றில் ஸ்டீயரிங்கை முக்கால் சுற்று சுற்ற வேண்டும். மற்றதில் அரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் போதும்.

படி 1: குறை பாக்ஸின் விகிதத்தில்தானா?

"ஸ்டீயரிங் மந்தமா இருக்கு" என்று சொல்லப்படும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது பிளே, அதாவது பாகங்களின் தேய்மானத்தால் வரும் தளர்வு. இஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் ஆடியும் பிட்மன் ஆர்ம் ஆடவில்லை என்றால் பாக்ஸில் தேய்மானம். பிட்மன் ஆர்ம் ஆடியும் சக்கரம் ஆடவில்லை என்றால் டை ராட் எண்டுகளையும் (சக்கரத்தோடு சேரும் கம்பிகளின் முனை மூட்டுகள்) ஐட்லர் ஆர்மையும் (இணைப்புக் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் ஆர்ம்) பாருங்கள். மஸ்டாங்கின் ஐட்லர் ஆர்மில் கம்பெனியிலிருந்து வந்தது ரப்பர் புஷ். இத்தனை வருடத்தில் அது நைந்திருக்கும். ரோலர் பேரிங் வைத்த மாற்று ஆர்ம் கிடைக்கிறது. அதைப் போட்டாலே ஸ்டீயரிங் கொஞ்சம் இலகுவாகும். இதையெல்லாம் சரிசெய்யாமல் புது பாக்ஸ் வாங்குவது வீண்செலவு.

படி 2: இப்போது இருப்பது எது?

பாக்ஸின் மூடியில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். எச்.சி.சி. (HCC) என்று தொடங்கும் எண் அதில் அடித்திருக்கும். ஆனால் அறுபது வருடக் காரில் தகடு தொலைந்திருக்கலாம், அல்லது உள்ளே பாகங்களை மாற்றிவிட்டுப் பழைய தகட்டையே யாராவது மாட்டியிருக்கலாம். அளந்து பார்ப்பதுதான் நம்பகமானது.

முன் சக்கரங்களை நேராக வைத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் வீலின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிட்மன் ஆர்ம் இருக்கும் கோணத்தை, பாக்ஸில் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து அரைச் சுற்று இடம், பிறகு அங்கிருந்து முழுச் சுற்று வலம். இந்த ஒரு முழுச் சுற்றில் ஆர்ம் எத்தனை டிகிரி நகர்ந்தது என்று கோணமானியால் பாருங்கள். 22.5 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் 16:1. 18 டிகிரி என்றால் 19.9:1. இரண்டுக்கும் நடுவில் நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் ஒரு டிகிரி முன்னே பின்னே அளந்தாலும் குழப்பம் வராது. பிளே அதிகமாக இருந்தால் மட்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பி அந்தத் தளர்வை எடுத்த பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

படி 3: கைக்கு எவ்வளவு பாரம் ஏறும்?

19.9-ஐ 16-ஆல் வகுத்தால் 1.24. அதாவது 16 பாக்ஸ் போட்டால் அதே டயரைத் திருப்ப ஏறக்குறைய கால் மடங்கு கூடுதல் பலம் வேண்டும். இதோடு நின்றால் பெரும்பாலோருக்குத் தாங்கும். ஆனால் கம்பெனி ஸ்டீயரிங் வீல் சுமார் 16 அங்குலம். அழகுக்காக 14 அங்குல மர வீல் போடுவது இப்போது வழக்கம். நெம்புகோல் குறைவதால் பலம் 1.14 மடங்கு ஏறும். இரண்டையும் பெருக்கினால் 1.42. டயரையே இன்னும் தொடவில்லை. அதற்குள் 42 சதவீதம்!

டயர் அகலமானால் நின்ற இடத்தில் திருப்புவது மேலும் கடினம். இன்றைய ரேடியல் டயருக்கு ஏற்றபடி அலைன்மென்டில் பாசிட்டிவ் கேஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்பக்கம் சாயும் அளவு) கூட்டினால் நேர்சாலையில் கார் அருமையாக நிற்கும், திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும். அதற்கும் விலை கைப் பாரம்தான். முன்பக்கம் ஆறு சிலிண்டரா, இரும்பு வி-8-ஆ என்பதும் கணக்கில் சேரும்.

என் கருத்து இது. ஆறு சிலிண்டர், கம்பெனி ஸ்டீயரிங் வீல், 195 மி.மீ. அகல டயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 16 போடுங்கள். 289 கன அங்குல வி-8 இஞ்சின், 16 அங்குல ஸ்டீயரிங் வீல், மிதமான டயர் என்றாலும் 16 சமாளிக்கலாம். கார் நகரத் தொடங்கியதும் பாரம் தெரியாது. வி-8-உடன் 14 அங்குல வீலும் 225 டயரும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 19-லேயே இருங்கள். தினமும் நெருக்கடியான இடத்தில் பார்க் செய்கிறவருக்கும் அதேதான். மஸ்டாங்கை மாற்றிக் கட்டிய 1965 ஷெல்பி ஜிடி350-இல் 16:1 பாக்ஸே இருந்தது, நீளமான பிட்மன், ஐட்லர் ஆர்ம்களும் இருந்தன என்று யாராவது எடுத்துச் சொல்வார்கள். உண்மைதான். அது பந்தயத்துக்கென்று கட்டிய கார். பலசரக்குக் கடை வாசலில் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க அல்ல.

படி 4: பொருந்துமா?

இங்கேதான் பணம் போகும். 65, 66 கார்களில் ஸ்டீயரிங் தண்டும் பாக்ஸும் ஒரே உருப்படி, நீளத் தண்டு. 68-க்குப் பிறகு வந்தவை குட்டைத் தண்டு, நடுவில் வளையும் இணைப்பு. பிட்மன் ஆர்ம் ஏறும் செக்டர் ஷாஃப்டும் 65, 66-இல் 1 அங்குலம், பிற்பாடு வந்தவற்றில் 1⅛ அங்குலம். எனவே "மஸ்டாங் பாக்ஸ்" என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வருடத்தையும் ஷாஃப்ட் அளவையும் கேளுங்கள்.

ஒரு நல்ல செய்தி: அந்தக் காலத்து பவர் ஸ்டீயரிங் மஸ்டாங்குகளிலும் பாக்ஸ் 16:1 தான். உதவி செய்யும் வால்வும் சிலிண்டரும் வெளியே, இணைப்புக் கம்பியில் இருந்தன. அதனால் பிரித்த பவர் ஸ்டீயரிங் காரின் பாக்ஸ் நம் மேனுவல் காருக்கு ஆகும். பிட்மன் ஆர்ம் மட்டும் நம்முடையதையே போட வேண்டும். பவர் காரின் ஆர்ம் வேறு.

படி 5: மாற்றுவதும் சரிக்கட்டுவதும்

பிட்மன் ஆர்மைக் கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வாடகைக்கு எடுங்கள். சுத்தியலால் செக்டர் ஷாஃப்டைத் தட்டினால் அந்த அடி உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் வரை போகும். நீளத் தண்டு பாக்ஸை எடுக்க ஸ்டீயரிங் தண்டை மூடியிருக்கும் குழாயையும், வி-8 என்றால் பல நேரம் ஓட்டுநர் பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டி வரும். ஒரு வார இறுதியை ஒதுக்கிவிடுங்கள்.

மூடியில் இருக்கும் சரிக்கட்டும் திருகைத் தொடுவதாக இருந்தால் பாக்ஸ் நடுவில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். நடுவில் பற்கள் சற்று இறுக்கமாக இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் அலைன்மென்ட். அலைன்மென்ட் முடிந்து ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால், வீலைப் பிடுங்கி வேறு பல்லில் மாட்டாதீர்கள். அப்படிச் செய்தால் கார் நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது, பிளே தெரியும். டை ராட் ஸ்லீவ்களில் ஒரு பக்கத்தை நீட்டிய அளவுக்கு மறுபக்கத்தைக் குறைத்து வீலை நேராக்கச் சொல்லுங்கள்.