சல்வடோர் தெருவில் அக்கராஜே, பாரில் பீர்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

பிரேசிலின் பஹியா மாநிலத் தலைநகர் சல்வடோரில் வேலை நிமித்தமாக எட்டு மாதம் இருந்தேன். முதல் இரண்டு வாரம் தெருவோரத் தீனியிலும் பாரிலும் தப்புக்கு மேல் தப்பு செய்தேன். விசா, விடுதி, விமான டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் நேரே எண்ணெய்ச் சட்டிக்கு வருகிறேன்.

படி 1: கடையைப் பார்த்து நில்லுங்கள்

மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்பினால் போதும். வெள்ளை லேஸ் பாவாடை, தலையில் முண்டாசு, கழுத்தில் பாசிமணி மாலைகளோடு ஓர் அம்மாள் சட்டிக்கு முன் உட்கார்ந்திருப்பார். ஊரில் அவருக்குப் ‘பையானா’ என்று பெயர். அவர் பொரிப்பது அக்கராஜே. தட்டைப்பயறை ஊறவைத்து, தோலைப் போக்கி, வெங்காயத்தோடு அரைத்து, டெண்டே என்ற சிவப்புப் பனையெண்ணெயில் பொரித்தெடுப்பார்.

பார்த்ததும் ‘அட, நம்ம வடை’ என்று வாயில் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட யொருபா மக்களோடு வந்த பண்டம். நைஜீரியாவில் இன்றும் இதற்கு ‘அக்கரா’ என்றுதான் பெயர். ஆப்பிரிக்க வேர்கொண்ட பிரேசில் சமயமான கந்தோம்பிளேயின் வழிபாட்டில் இயான்சா தேவதைக்கு இது படையல். பிரேசில் அரசு 2005இல் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது பண்டத்தை அல்ல, அதைச் செய்து விற்கும் இந்தப் பெண்களின் தொழிலை.

எந்தக் கடை நல்ல கடை? நான் மாவு அடிக்கும் கையைப் பார்ப்பேன். நீளமான மரக்கரண்டியால் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தால் உள்ளே பஞ்சு போல வரும். உளுந்து ஆட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டிக்குள் ஒரு முழு வெங்காயம் மிதக்கும். அது தவறி விழுந்ததல்ல, எண்ணெய் கருகாமல் இருப்பதற்காகப் போட்டது. இடம் கேட்டால் ரியோ வெர்மெல்யோ பகுதிக்குப் போகச் சொல்வேன். அங்கே சந்தானா சதுக்கத்திலும் மரிக்கிட்டா சதுக்கத்திலும் கடைகள் உண்டு. பழைய நகரப் பகுதியான பெலோரின்யோ கண்ணுக்கு அழகு, வயிற்றுக்கு ரியோ வெர்மெல்யோ. இது என் கட்சி.

படி 2: ‘கென்ச்சியா, ஃபிரியூவா?’

இங்கேதான் நான் விழுந்தேன். பையானா உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இது. அகராதியில் கென்ச்சி என்றால் சூடு, ஃபிரியூ என்றால் குளிர்ச்சி. ஆறிப்போன வடையை யார் தின்பார்கள்? எனக்கும் மனைவிக்கும் ஒன்பது வயது மகளுக்கும் சேர்த்து, மூன்று விரலைக் காட்டி ‘கென்ச்சி’ என்றேன்.

அந்த அம்மாள் மகளை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் ‘கென்ச்சி?’ என்றார். நான் இன்னும் உறுதியாகத் தலையாட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பண்டத்தைக் கத்தியால் பிளந்து, ஒரு கிண்ணத்திலிருந்து அடர்சிவப்பாக எதையோ எடுத்து உள்ளே இழுவினார். இரண்டாவது கடியில் மகளின் முகம் அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. இளநீர்க்காரரைத் தேடி நான் ஓடிய ஓட்டத்தை மனைவி இன்னும் நடித்துக்காட்டுகிறாள்.

ஆக, அக்கராஜே கடையில் கென்ச்சி என்றால் காரம், ஃபிரியூ என்றால் காரம் வேண்டாம். அடுப்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘நாங்கள் ஆந்திரா ஊறுகாயையே வெறும் வாயில் தின்போம்’ என்கிறவர்களும் முதல் நாள் ‘போக்கா பிமென்டா’, அதாவது கொஞ்சமாக மிளகாய், என்று சொல்லுங்கள். டெண்டேயில் வதங்கிய மிளகாய் உடனே உறைக்காது. தொண்டைக்குப் போன பிறகுதான் வேலையைக் காட்டும்.

படி 3: உள்ளே என்ன வைப்பது

வழக்கமாக வட்டபா என்ற குழைவான விழுது, கருரு என்ற வெண்டைக்காய்க் கூட்டு, பச்சைத் தக்காளி நறுக்கிய சாலட், உலர்ந்த இறால். எல்லாம் வேண்டுமென்றால் ‘கோம் டூடு’.

(திருத்தம்: சைவர்கள் இறால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. ஒரு வாசகி சுட்டிக்காட்டினார்: வட்டபாவிலும் கருருவிலும் உலர்ந்த இறாலை அரைத்தே சேர்க்கிறார்கள். நான் எட்டு மாதம் தின்றும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே சைவர்கள் ‘ஸோ சலாடா’ என்று சாலட்டை மட்டும் கேளுங்கள். வட்டபாவில் நிலக்கடலையும் முந்திரியும் உண்டு, ஒவ்வாமை இருப்பவர்களும் அதைத் தவிருங்கள். இதே மாவை வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைத்த அபரா பார்க்கக் கொழுக்கட்டை போல அப்பாவியாக இருக்கும். மாவிலேயே இறால் இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.)

படி 4: தின்பது

தட்டில் வெட்டி வைத்தும் தருவார்கள். வேண்டாம். காகிதத்தில் வாங்கி, குனிந்து நின்று, கையால் தின்னுங்கள். சட்டை வெள்ளையாக இருக்க வேண்டாம். டெண்டே நம் ரேஷன் கடைப் பாமாயில் வரும் அதே எண்ணெய்ப்பனையின் பழத்தெண்ணெய்தான், சுத்திகரிக்காததால் குங்குமச் சிவப்பு. கறை போகாது. வயிற்றுக்கும் கனம்: முதல் நாள் ஒன்றோடு நிறுத்துங்கள்.

இனிப்பு வேண்டுமா? பையானா விற்கும் அதே கடையில் ‘மாணவர் உருண்டை’ என்று பொருள்படும் பெயரில் ஒன்று இருக்கும். மரவள்ளி மாவும் தேங்காயும் சேர்த்துப் பொரித்து, இலவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டியது. எனக்கு அக்கராஜேயைவிட அதுதான் பிடிக்கும். பையானாக்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

படி 5: பொட்டேக்கு

பொட்டேக்கு என்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட தெருமுனை பார். ஆளுக்கொரு பாட்டில் கேட்காதீர்கள். மேசைக்கு 600 மில்லி பாட்டில் ஒன்று, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான். பாட்டிலுக்குக் குளிர் காக்கும் உறை மாட்டியிருக்கும். பெரிய டம்ளர் கேட்டு வாங்கினேன், பாதி குடிப்பதற்குள் கஷாயம் ஆகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், முதலில் அடுத்தவர் டம்ளருக்கு. பாட்டில் மேல் வெண்பனி படர்ந்து வந்தால் அதை ‘மணப்பெண்ணின் முக்காடு’ என்பார்கள். அப்படி வராத பீரைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் வாய்விட்டே முறையிடுவார்கள்.

பீர் பிடிக்காதவர்கள் வோட்காவில் பழத்தை நசுக்கித் தரும் ஹோஸ்காவைக் கேளுங்கள். எழுத்தில் ‘ரோஸ்கா’ என்றிருக்கும். இங்கே சொல்லின் முதலில் வரும் ரகரம் ஹகரமாகத்தான் ஒலிக்கும், நான் மூன்று நாள் ‘ரோஸ்கா, ரோஸ்கா’ என்று கத்தியதுதான் மிச்சம். முந்திரிப்பழம் போட்டது கிடைத்தால் விடாதீர்கள். முந்திரியின் பூர்வீகமே பிரேசில்தான், அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததுதான் நம் பண்ருட்டி மரமும். கொறிக்க லம்பிரெட்டா என்ற சிப்பியை டஜன் கணக்கில் தருவார்கள். அதன் ரசத்தை எலுமிச்சை பிழிந்து குடிக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

படி 6: கணக்கு

பிரேசிலில் பெரும்பாலோர் பிக்ஸ் என்ற செல்பேசி வழியில்தான் பணம் அனுப்புகிறார்கள். அந்த நாட்டு வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது எளிதில் உதவாது. சில்லறை நோட்டுகளும் ஒரு கார்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரத்தின் திரையில் தொகையைப் படித்த பிறகே ரகசிய எண்ணை அழுத்துங்கள். ஒருமுறை படிக்காமல் அழுத்தி, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போய், திரும்ப வாங்க அரை மணி நேரம் ஆனது. பில்லில் இருக்கும் பத்து சதவீத சேவைத்தொகை கட்டாயமில்லை, ஆனாலும் நான் கொடுத்துவிடுவேன்.

கிளம்ப நினைத்தால் ‘சைடேரா’ என்று கேளுங்கள். கடைசி பாட்டில் என்று பொருள். நான் பார்த்தவரை மூன்றாவது சைடேராவுக்கு முன்னால் எந்த மேசையும் எழுந்ததில்லை. அதனால் திரும்பிப் போக டாக்சிக்குப் பணத்தை முன்பே தனிப் பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.