சாவியை எடுத்தாலும் பெட்டரி இறங்கிய பைக்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக். மிஸ்ட் லைட் இரண்டும் யூஎஸ்பி சார்ஜரும் ஏற்கெனவே பூட்டியிருந்தது. நானுஓயா பக்கத்து மூடுபனிக்கு அது தேவைதான். ஆனால் சில நாள் ஓடாமல் நின்றால் செல்ஃப் அடிக்காது.

சீட்டைக் கழற்றினால் எல்லா வயரும் நேரே பெட்டரியில். பியூஸ் கூட இல்லை! போன் சொருகாவிட்டாலும் சார்ஜரின் சர்க்யூட் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

12 வோல்ட் ரிலே ஒன்று வாங்கினேன். சின்னக் கரண்ட் வந்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது, அதன் கால்களுக்கு நம்பர் இருக்கும். பெட்டரி பிளஸ்ஸில் இருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் நம்பர் காலுக்கு. 87இல் இருந்து சார்ஜருக்கும் லைட் சுவிட்சுக்கும். 85 எர்த். 86க்கு, பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் வயர். அங்கிருந்து பிரேக் லைட்டுக்குப் போவது அல்ல. சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் காட்டுகிறதா என்று மீட்டரில் பார்த்துத்தான் தொட்டேன். லைட் 20 வாட்ஸ்படி இரண்டு, அதாவது மூன்றரை ஆம்பியருக்குள். சார்ஜரையும் சேர்த்தாலும் 10 தாராளம். பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தள்ளி வைத்தால் இடையில் வயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற ஒன்றுமில்லை.

நம்ம ஊர் ஈரத்துக்கு முறுக்கி டேப் சுற்றும் வேலை சரிவராது. ஈயம் வைத்து, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். ரிலேயை கால்கள் கீழே பார்க்க மாட்டினால் தண்ணீர் தேங்காது.

கடைசியில் மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தேன். சாவி இல்லாதபோது ஒன்றும் ஓடவில்லை. மீட்டர் அப்படி இருக்கும்போது மட்டும் செல்ஃபை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.